குழந்தை விட்டுப்போன பொருட்களை எப்படி வைத்துக்கொள்வது: குன்னூரிலிருந்து ஒரு அப்பா எழுதுவது

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குப் போட்டோ ப்ரேம் கடை. இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். சாமி படம், கல்யாணப் போட்டோ, இறந்தவர்கள் படம் என்று எத்தனையோ என் கையால் கண்ணாடிக்குள் போயிருக்கின்றன. ஆறு வருஷம் முன்னால் எங்கள் பெண் எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் போனாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கடைக்கு வரும் பெற்றோர் சிலர் ப்ரேம் அளவு சொல்லி, அட்வான்ஸ் கொடுத்த பிறகும் போகாமல் நிற்பார்கள். அப்புறம் மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணா, பையனோட சட்டை ஒண்ணு இருக்கு. பூஞ்சை பிடிக்குது. என்ன பண்றது?" அவர்களிடம் ஸ்டூலை எடுத்துப் போட்டு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக உதவும். தென்மேற்கும் வடகிழக்கும் என்று எங்களுக்கு இரண்டு மழை. ஜூனில் ஈரமாகும் சுவர் டிசம்பர் வரை காய்வதில்லை.

முதல் நாட்களில்

பாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள், கீழே ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அவளுடைய துணிகளையெல்லாம் ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார். "கண்ணுல பட்டுட்டே இருந்தா எப்படி சாமி மனசு ஆறும்" என்றார். எனக்கு அப்போது பேச வாய் வரவில்லை. அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய முதல் பிள்ளை ஒன்பது மாதத்தில் போனபோது அவர் மாமியாரும் அப்படித்தான் செய்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் பொருள் என்று அத்தையிடம் ஒரு துணித்துண்டுகூடக் கிடையாது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதனால் முதல் வேலையாக, உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள். தம்பியோ, மச்சானோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. "அவங்க சொல்ற வரைக்கும் யாரும் எதையும் எடுக்கக் கூடாது" என்று சொந்தக்காரர்களிடம் அவர் சொல்லட்டும். சடங்குக்காக வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், சண்டை போட உங்களுக்குத் தெம்பு இருக்காது. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு அந்த ஆளின் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருமாதி முடியட்டும், ஒரு வருஷமும் ஆகட்டும். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே எதையாவது மண்ணுக்குள் வைத்து அனுப்ப மனசு சொன்னால் வையுங்கள். நாங்கள் அவள் பொம்மையை வைத்தோம். அதில் எங்களுக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் வைப்பதற்கு முன்னால் செல்போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. பொம்மையின் கவுன் என்ன நிறம் என்று எனக்கும் என் மனைவிக்கும் இப்போது ஞாபகம் ஒத்துப்போவதில்லை.

துணி

பாப்பாவின் துணியில் எங்களிடம் தங்கியது ஒரே ஒரு பள்ளிக்கூட ஸ்வெட்டர். பாட்டில் பச்சை. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வருவாள். வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டுவாள். நோய் தெரியவந்த வாரம் மாட்டியது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை கடைப் பக்கம் வரவில்லை, அதனால் தப்பித்தது. இடது கை முனையைக் கடித்துக் கடித்து நூல் பிரிந்திருக்கும். வலது முழங்கையில் என் மனைவி இழை ஓட்டிய இடத்தில் பச்சை கொஞ்சம் வேறு பச்சை. கழுத்தோரம் தேங்காய் எண்ணெய் வாசனை.

குழந்தையின் துணி ஒன்றுக்கு மேல் உங்களிடம் இருந்தால் ஒன்றை மட்டும் துவைக்காமல் வையுங்கள். மற்றதைத் துவைத்து நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள கம்பளியைத்தான் அந்துப்பூச்சி தேடி வரும். எல்லாவற்றையும் அழுக்கோடு வைத்தால் எல்லாம் போய்விடும்.

துவைக்காத அந்த ஒன்றை வெயிலில் போடாதீர்கள். வாசனை போய்விடும், நிறமும் மங்கும். பனி இல்லாத நாளில், எங்கள் பக்கம் என்றால் ஜனவரி, பிப்ரவரியில், வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் ஒரு பகல் முழுக்க நிழலில் விரித்து வையுங்கள். ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் பூஞ்சை உள்ளேயே வளரும். நன்றாகக் காய்ந்த பிறகு, கஞ்சி போடாமல் துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றுங்கள். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். செய்தித்தாளில் சுற்றவே வேண்டாம், அதுவே மஞ்சளாகித் துணியையும் மஞ்சளாக்கும். சுற்றியதை இறுக்க மூடும் டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போடுங்கள். புது ஷூ டப்பாவில், மாத்திரை டப்பாவில் வருமே, அதுதான். நிறம் மாறும் மணியாக வாங்கினால் ஈரம் இழுத்ததும் தெரிந்துவிடும். கடாயில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பிவிடும், மறுபடி பயன்படுத்தலாம். வறுத்ததை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள்.

பாச்சை உருண்டை போட்டால் குழந்தையின் வாசனையே இருக்காது. பூச்சி ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஸ்வெட்டரை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்த உடனே கவரைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் துணியில் வேர்த்துவிடும். ப்ரீசரில் இருக்கும் நாட்களில் வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். தெரியாமல் கையில் எடுத்துவிட்டால் தாங்காது.

இதை எல்லாம் செய்தாலும் வாசனை ஒருநாள் போகும். பாப்பாவின் ஸ்வெட்டரில் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. போய்விட்டது என்று தெரிந்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை. அதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பீரோ எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி நின்றால் இழுத்து உள்சுவர்ப் பக்கம் போடுங்கள், பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள். மழைக்காலத்தில் சிலர் பீரோவுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு போடுவார்கள். போட்டால் துணி அதில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதம், படம்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பு. பாப்பா போவதற்கு வெகுநாள் முன்னால் நடந்தது. ஒரு பெண் ஸ்கேன் படம் ஒன்றைக் கொண்டுவந்து, கெட்டியாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கேட்டார். நான் மிஷினில் விட்டேன். மறுபக்கம் வரும்போது முழுக்கக் கறுப்பு. ஸ்கேன் சென்டரில் தரும் அந்தப் பளபளப்பான சின்னப் படம், இ.சி.ஜி. சீட்டு, கடை பில், இவையெல்லாம் சூடு பட்டால் கறுக்கும் தாள். எனக்கு அன்று தெரியாது. அந்தக் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது என்றும், அதன் உருவமாக இருந்தது அந்த ஒரு தாள்தான் என்றும் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கறுப்புத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.

அந்த வகைத் தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டாலும், வெளிச்சத்தில் வைத்தாலும், சும்மா விட்டாலும்கூட வருஷக்கணக்கில் மங்கிப்போகும். இன்றைக்கே அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் ஸ்கேனரில் ஸ்கேன் செய்து நல்ல போட்டோ பேப்பரில் பிரின்ட் போடுங்கள். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையில் பேரும் நம்பரும் அழிந்துபோகும், அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

போட்டோவைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து ப்ரேம் போட விடாதீர்கள். மலை ஈரத்தில் போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்துவரும். நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் செலவாகும், கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துகொள்ளலாம். பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுக்க வேண்டுமா, பல் இடுக்குக்குப் பயன்படுத்தும் மெழுகு நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல மெல்ல இழுங்கள்.

போட்டோவின் பின்னால் தேதி எழுத மென்மையான பென்சில் போதும், அதுவும் ஓரத்தில். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். செல்லோடேப் எங்கேயும் ஒட்டாதீர்கள். நாலைந்து வருஷத்தில் பசை ஊறி, பழுப்புப் பட்டையாக நிற்கும்.

குழந்தை போட்ட படங்களை என்ன செய்வது? பாப்பா போட்ட ரயில் படம் ஒன்று இருக்கிறது. அதில் இன்ஜின் கடைசியில் இருக்கும், பெட்டிகள் முன்னால். கீழே ஊர்க்காரர்கள் பார்த்தால் "மாத்திப் போட்டிருக்கா" என்பார்கள். அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது எங்கள் ரயிலை இன்ஜின் பின்னால் நின்றுதான் தள்ளும். அந்தப் படத்தை நல்ல ப்ரேம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். தொழில்காரன் நான், தெரிந்தே செய்தேன், வெளிச்சத்தில் பார்க்க ஆசை. ஒன்றரை வருஷத்தில் ஸ்கெட்ச் பேனாவின் ரோஸ் நிறம் போய், தண்டவாளத்து ஓரப் பூக்கள் வெறும் கோடாகிவிட்டன. கிரையான்ஸ் தாங்கும், ஸ்கெட்ச் பேனா தாங்காது. சுவரில் மாட்ட கலர் ஜெராக்ஸ் எடுங்கள், அசலை இருட்டில் வையுங்கள்.

செல்போனில் எடுப்பதானால் மூடுபனி நாளில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள். நிழல் விழாது, கண்ணாடி மின்னாது. எங்கள் மலைக்கு அந்த ஒரு வசதி உண்டு.

கதவு நிலை

நாங்கள் இருந்தது வாடகை வீடு. சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் பாப்பாவின் உயரம் குறித்திருந்தோம். பொங்கலுக்கு ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று. வீடு மாற வேண்டி வந்தபோது என் மனைவி அந்த நிலையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நிலையை அறுத்து எடுக்க முடியாது. இப்படிச் செய்தோம்.

ஸ்டேஷனரி கடையில் பட்டர் பேப்பர் வாங்கி, தரையிலிருந்து மேலே வரை நீளமாக நிலைமேல் ஒட்டினோம். ஓரத்தில் மட்டும் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப். தரை தொடும் இடத்தில் முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் அளவுக்கு ஆரம்பம். அப்புறம் ஒவ்வொரு குறியையும், பக்கத்தில் எழுதியிருக்கும் தேதியையும், எழுத்தின் சாய்வு மாறாமல், மேலேயே பென்சிலால் வரைந்தோம். அவளே எழுதிய ஒரு 7 திரும்பியிருந்தது, அதை அப்படியே எடுத்தோம். இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் பிடித்து போட்டோவும் எடுத்தோம். காகிதத்தை மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறோம். கடைசிக் குறி 119 சென்டிமீட்டர்.

குரல்

குரலைக் காப்பாற்றுவதற்கு அவகாசம் குறைவு, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ், வீடியோ எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒன்று பென் டிரைவில் உங்கள் வீட்டில், இன்னொன்று கூகுள் டிரைவிலோ வேறு ஒருவர் கம்ப்யூட்டரிலோ. வளர்ந்த பிள்ளையாக இருந்து தனி செல்போன் வைத்திருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். 90 நாள் பயன்படுத்தாத சிம்மை நிறுத்திவிட்டு அந்த நம்பரை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். 120 நாள் தொடாத வாட்ஸப் கணக்கு அழிந்துபோகும். கூகுள் கணக்கு இரண்டு வருஷம். போனை அலமாரியில் வைத்தால் பேட்டரி உப்பும், அதனால் போனையே நம்ப வேண்டாம்.

பாப்பாவின் குரல் எங்களிடம் மொத்தம் 41 விநாடி. நான் கேட்பேன், என் மனைவி இன்னும் கேட்கவில்லை. வீட்டில் ஸ்பீக்கரில் போடாமல் நான் இயர்போனில் கேட்கிறேன்.

பிறந்ததும் போன குழந்தைக்கு

முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஞாபகத்துக்கு என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நர்சிடம் கேளுங்கள்: காலடி மை ரேகை, ஒரு சுருள் முடி, சுற்றியிருந்த துணி, கையில் கட்டிய பட்டை. கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் உதவுவார்கள். தாய் மயக்கத்தில் இருந்தால் அப்பாவோ பாட்டியோ கேட்க வேண்டும். போட்டோ எடுப்பது பாவம் என்று யாராவது சொன்னால், எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தாய் என்றைக்காவது கேட்கும்போது இருக்கும்.

எங்கே வைப்பது, யார் தொடலாம்

எனக்குப் பார்க்காமல் இருக்க முடியாது, என் மனைவிக்குப் பார்க்க முடியாது. முதல் வருஷம் இதனால் எங்களுக்குள் பேச்சே குறைந்தது. அப்புறம் பாப்பாவின் பொருட்கள் இருக்கும் பெட்டியைக் கடையில் வைத்தேன். அவளுக்கு வேண்டும்போது கடைக்கு வருவாள், நான் டீ சொல்லிவிட்டு வெளியே நிற்பேன். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி துக்கம் இருக்க வேண்டியதில்லை. பெட்டியை யாருக்கு வேண்டுமோ அவர் திறக்கட்டும், வேண்டாதவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு வருஷம் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் போட்டு மூடியவன் நான். பாப்பாவின் ஸ்வெட்டரையும் அழகாக ஷேடோ பாக்ஸில், அதாவது கண்ணாடி போட்ட ஆழமான ப்ரேமில், வைத்துத் தரட்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பிரிந்த நூலை விரலால் தொட வேண்டும் எனக்கு. எல்லாவற்றையும் தொட வேண்டாம், காகிதமும் போட்டோவும் கை பட்டால் கெடும். ஆனால் ஒன்றாவது கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். தேய்ந்தால் தேயட்டும்.

மறுபடி கீழே ஊரிலிருந்து அத்தை வந்தபோது ஸ்வெட்டரைக் காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முழங்கை இழையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒரு கொலுசாவது விட்டு வச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியைத் திறந்தால் மனசு லேசாக வேண்டும், அல்லது அழுது முடித்தாவது எழ வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல், பெட்டியை விட்டு நகர முடியாமல், நாமும் போய்விடலாம் என்று தோன்றினால், பெட்டியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. என் மனைவி பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பல் கதையும் இருக்கிறது. பால் பல் விழுந்தால் தகரக் கூரைமேல் எறிவது எங்கள் வழக்கம், அதனால் பழைய பற்கள் எதுவும் எங்களிடம் இல்லை. கடைசிப் பல் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தது. "இங்க போட்டா ஆஸ்பத்திரிப் பல்லு முளைக்கும்ப்பா, நம்ம கூரையில போடணும்" என்று பஞ்சில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். கழுவி நிழலில் காயவைத்து, பஞ்சு மாற்றி, குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறோம். பல்லுக்கு வேறு பராமரிப்பு தேவையில்லை. கூரைமேல் போட வேண்டுமா என்று வருஷா வருஷம் பேசுகிறோம்.

பிப்ரவரியில் ஒருநாள் கடைக்கு விடுமுறை விட்டுப் பெட்டியைத் திறப்போம். ஸ்வெட்டரைப் பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பில் மடிப்போம், ஒரே இடத்தில் மடித்தால் இழை அறுந்துவிடும். சிலிக்கா மணிகளை வறுப்போம். பென் டிரைவைச் சொருகித் திறக்கிறதா என்று பார்ப்போம்.

பாப்பா போகும்போது அவள் தம்பிக்கு இரண்டு வயது. அக்காவை அவனுக்கு ஞாபகம் இல்லை, இந்தப் பெட்டி வழியாகத்தான் தெரியும். இந்த வருஷம் குழாயிலிருந்து பட்டர் பேப்பரை எடுத்துச் சுவரில் பிடிக்கச் சொன்னான். தரைக் கோட்டைச் சரியாக வைத்தேன். முதுகை ஒட்டி நின்றான். என் மனைவி ஸ்கேலைத் தலைமேல் வைத்துப் பார்த்தாள். 121. "நான் அக்காவைத் தாண்டிட்டேனா?" என்று கேட்டான். ஆமாம் என்றோம். சிவப்புப் பென்சிலைக் கொடுத்தோம், 119-க்கு மேலே அவனே கோடு போட்டுத் தேதி எழுதினான்.